பின்பட்டை இல்லாத காலணி: அழகு மட்டும் பார்த்தால் போதுமா?

ஒரு நாளில் எத்தனை முறை காலணியைக் கழற்றி மாட்டுகிறோம்? வீட்டு வாசலில், உறவினர் வீட்டில், பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயிலில். ஆகவே, குனியாமல் காலை நுழைத்துக் கொண்டு கிளம்பக்கூடிய, பின்பட்டை இல்லாத காலணியை நம்மவர்கள் விரும்புவது இயல்புதான். சேலைக்குச் சரிகை வைத்தது, அலுவலகத்திற்கு முன்பக்கம் மூடியது என்று அதில் அழகுக்கும் குறைவில்லை.

ஆனால் குதிகாலைப் பிடித்துக்கொள்ளப் பட்டை இல்லாததால் அந்த வேலையைக் கால்விரல்கள் செய்கின்றன. ஒவ்வோர் அடியிலும் விரல்கள் மடங்கிக் காலணியைப் பற்றுகின்றன. நாள் முழுவதும் இப்படி நடந்தால் பாதம் வலிக்கும், விரல் முட்டியில் காய்ப்பு ஏறும். 'சளக் சளக்' என்று சத்தம் வருகிறதா? காலணி உங்கள் காலில் சரியாக நிற்கவில்லை என்று அர்த்தம்.

வாங்கும்போது மேல்பட்டையை முதலில் பாருங்கள். அது அகலமாக, விரல்களின் மேல் மட்டுமல்லாமல் புறங்கால் மேடு வரை ஏறி வர வேண்டும். பெருவிரல் அடியில் அடிப்பகுதி வளையலாம், நடுவில் இரண்டாக மடங்கக் கூடாது. குதிகால் பதிகிற இடம் சற்றுக் குழிவாக இருந்தால் கால் நழுவாது. உயரம் ஓர் அங்குலத்திற்கு மேல் போனால் பாதம் முன்னே சரிந்து விரல்கள் நசுங்கும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது வாங்குவது நல்லது. "போடப் போட இளகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால், அவர் பேச்சை விட்டுவிட்டு உங்கள் கால் சொல்வதைக் கேளுங்கள்.

முக்கியமான செய்தி இனிப்புநீர் உள்ளவர்களுக்கு. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு! நோய் முற்றினால் நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதம் மரத்துப்போகும். காலணி கழன்று விழுந்ததே தெரியாமல் சுடும் தார்ச்சாலையில் நடந்தவர்கள் உண்டு. கல் குத்தினாலும் தெரியாது. புண் பெரிதாகி விரலையோ காலையோ எடுக்க நேரிடுகிறது. எனவே கால் மரத்தவர்களுக்குப் பின்பட்டை இல்லாதது வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள்ளும் மெல்லிய சிலிப்பர் போதாது. பின்பக்கம் மூடிய, உள்ளே தையல் உறுத்தாத காலணிதான் ஏற்றது. புதிதாக வாங்கச் செல்லும்போது, வெறுங்காலை அட்டையில் வைத்து வரைந்து வெட்டி எடுத்துச் செல்லுங்கள். காலணிக்குள் போடும்போது அட்டை மடங்கினால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. கோயிலில் வெறுங்கால்தான். அங்கே உச்சிவெயில் நேரத்தைத் தவிர்த்து, வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

மற்றவர்களும் பத்துமலையின் 272 படிகளுக்கு இதை அணிய வேண்டாம், இறங்கும்போது குதிகால் நழுவும். கேஎல் சென்ட்ரல் போன்ற இடங்களில் மின்படிக்கட்டின் ஓரத்தில் கால் வைக்காதீர்கள். மென்மையான ரப்பர் காலணிகள் மின்படிக்கட்டில் சிக்கியதால், வடிவமைப்பை மாற்றுமாறு ஜப்பானிய அரசு 2008-இல் தயாரிப்பாளரைக் கேட்டுக்கொண்டது. மழைக்காலத்தில் கடைகளின் ஐந்தடித் தளம் வழுக்கும். காலணியைத் திருப்பிப் பாருங்கள், அடியில் வரிகள் தேய்ந்திருந்தால் புதியது வாங்கும் நேரம் வந்துவிட்டது.