விட்டம் சரி, வட்டம் சரியா?

ஏப்ரல் 15 பிறந்தால் எங்கள் லேத்துப் பட்டறையில் நிற்க இடமிருக்காது. கிழக்குக் கடற்கரையில் அன்றிலிருந்து 61 நாள் மீன்பிடித் தடை. அரசலாற்றுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் எஞ்சினைப் பிரிப்பார்கள். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று ஒவ்வோர் ஊர் லைனரும் (பிஸ்டன் ஓடுகிற குழாய்) என் மேசைக்கு வரும். ஓடுகிற பிஸ்டன் கிராங்க் ஷாஃப்டுக்குக் குறுக்கான பக்கத்தில்தான் சாய்ந்து அழுத்தும். அதனால் அந்தப் பக்கம் கூடுதலாகத் தேய்ந்து லைனர் ஓவலாகிவிடும். மேல் ரிங் திரும்புகிற இடத்தில் ஆயில் நிற்பதில்லை. அங்கே தேய்மானம் இன்னும் அதிகம். நாலைந்து தௌ தேய்ந்த லைனரோடும் படகு ஓடும். (ஒரு தௌ, கிட்டத்தட்ட 0.025 மி.மீ.) ரிங் விரிந்து கொடுத்துச் சமாளித்துக்கொள்ளும். புகை கக்கும், ஆயில் குடிக்கும், அவ்வளவுதான்.

மாடல் விமான எஞ்சினில் இந்தச் சலுகை கிடையாது. பொறியியல் படிக்கிற பையன் ஒருவன் கொண்டுவந்ததைச் சொல்கிறேன். 2.5 சி.சி.; போர் 15 மி.மீ., ஸ்ட்ரோக் 14 மி.மீ. பிஸ்டனில் ரிங்கே இல்லை.

"அண்ணே, பிஸ்டன் உச்சிக்குப் போனா இறுகுது. லைனரை ஒரு தௌ தேச்சு விடுங்க" என்றான்.

"தேச்சா எஞ்சின் செத்துச்சு தம்பி. அந்த இறுக்கம் வேணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்கான்."

அது அலுமினியப் பிஸ்டன், பித்தளை லைனர், உள்ளே குரோம் பூச்சு. 1960களில் அமெரிக்காவின் கே அண்ட் பி நிறுவனத்தில் இருந்த பில் விஸ்நியூஸ்கி வேகப்போட்டி எஞ்சின்களுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. லைனர் மேலே சற்றுக் குறுகி, கீழே விரிந்திருக்கும். ஓடும்போது மேல்பாகம்தான் கூடுதலாகச் சூடேறும், கூடுதலாக விரியும். அப்போதுதான் பிஸ்டனுக்குச் சரியான இடைவெளி கிடைக்கும். பித்தளை எதற்கு? 100 டிகிரி சூடேறினால் 15 மி.மீ. பித்தளை லைனரின் விட்டம் ஏறக்குறைய 0.028 மி.மீ. கூடும், எஃகு லைனரில் 0.017தான். சிலிக்கான் கலந்த அலுமினியப் பிஸ்டன் விரிவது பித்தளையை ஒட்டியே. எஃகுக்குள் அதை விட்டால் சூட்டில் நெருக்கிப் பிடித்துவிடும்.

அவன் பையில் இன்னொன்றும் இருந்தது: பழைய டீசல் மாடல் ஒன்றுக்குத் தானே கடைந்த எஃகு லைனர். மண்ணெண்ணெய், ஈதர், ஆமணக்கெண்ணெய் கலந்து ஓடுகிற ரகம் அது. பிளக் கிடையாது, அழுத்தத்திலேயே பற்ற வேண்டும். போர் கேஜில் எந்தத் திசையில் அளந்தாலும் ஒரே அளவு. ஆனால் கம்ப்ரெஷன் இல்லை.

எதில் பிடித்துக் கடைந்தாய் என்று கேட்டேன். மூன்று தாடை சக்கு என்றான். மெல்லிய குழாயை மூன்று இடத்தில் நெருக்கிப் பிடித்தால் அது உள்ளே அமுங்கும். அமுங்கிய நிலையில் உள்ளே வட்டமாகக் கடைந்துவிட்டுச் சக்கைத் தளர்த்தினால் குழாய் பழைய நிலைக்குத் திரும்பும். உள் வட்டம் மூன்று மூலையுள்ளதாக மாறிவிடும். அதில் ஒரு பக்கம் புடைத்திருந்தால் நேர் எதிர்ப்பக்கம் அதே அளவு உள்ளே வந்திருக்கும். இரண்டு முனை கேஜுக்கு விட்டம் எங்கும் ஒன்றுதான். பிரிட்டனின் 50 பென்ஸ் காசுக்கு ஏழு பக்கம். எப்படித் திருப்பி அளந்தாலும் அகலம் மாறாது. அதை வட்டம் என்று யாராவது சொல்வார்களா?

பெரிய இடத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. 1986இல் சாலஞ்சர் விண்வெளி ஓட விபத்தை ஆராய்ந்த குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன், பூஸ்டர் ராக்கெட்டின் துண்டுகள் வட்டமா என்று மூன்று விட்டங்களை மட்டும் அளந்து முடிவு செய்வது போதாது என்று சுட்டிக்காட்டினார். அந்தத் துண்டுகளின் குறுக்களவு 3.7 மீட்டர்!

மூன்று கால் உள்ள உள்மைக்ரோமீட்டரை விட்டுத் திருப்பினால் இந்த மூலைகள் பிடிபடும். அதற்கு ஓவல் தெரியாது. ஓவலுக்கு இரண்டு முனைக் கேஜ். இரண்டும் வேண்டும்.

மூலை இருப்பது தெரிந்த பிறகு லேப்பிங். பித்தளைத் தண்டில் கிரைண்டிங் பேஸ்ட்டையும் எண்ணெயையும் தடவிச் சுழலவிட்டு, லைனரைக் கையிலேயே பிடித்து முன்னும் பின்னும் ஓட்டவேண்டும். அடிக்கடி தலைகீழாக மாற்றிப் போடவேண்டும். மறுபடி சக்கில் பிடித்தால் பழைய கதைதான். கிராங்க்கேஸுக்குள் லைனர் கைவிரலால் தள்ளினால் இறங்கவேண்டும். சுத்தியல் எடுத்தவன் வட்டத்தைக் கெடுத்தான். ஹெட் ஸ்குரூவைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கவேண்டும். ஒரே பக்கம் முறுக்கினால் போர்ட் வெட்டிய இடத்தில் லைனர் வளையும்.

பித்தளை லைனர் எஞ்சினைப் படகு எஞ்சின்போல நிதானமாக, எரிபொருள் தூக்கலாக வைத்து ரன்னிங் பார்க்கிற பழக்கம் இங்கே பலருக்கு இருக்கிறது. அது கூடாது. சூடேறாத லைனரின் குறுகிய வாயில் பிஸ்டன் உரசி உரசி மேல்விளிம்பு தேய்ந்துவிடும். ஹேர் டிரையரால் ஹெட்டைச் சூடாக்கி, பிறகு ஸ்டார்ட் செய்து, சுருக்கமாக ஆனால் நல்ல சூட்டில் ஓட்டி நிறுத்தவேண்டும். ஆறவிட்டு மறுபடி ஓட்டவேண்டும். நிறுத்தி வைக்கும்போது பிஸ்டனைக் கீழே இறக்கி வைக்கவேண்டும். உச்சியில் இறுகிய நிலையில் விடக்கூடாது.