மண்ணுக்கும் பதம் உண்டு

1971 பிப்ரவரி 9, விடியற்காலை. நிலநடுக்கத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் அருகே இருந்த லோயர் சான் ஃபெர்னாண்டோ மண் அணையின் நீர்ப்பக்கச் சரிவு, மேல்விளிம்பையும் இழுத்துக்கொண்டு நீருக்குள் இறங்கிவிட்டது. தண்ணீருக்கு மேலே மிஞ்சியது ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு உடைந்த மண். கீழே குடியிருந்த ஏறத்தாழ 80,000 பேரை அப்புறப்படுத்தினார்கள். அந்த அணைக்குப் பதிலாகச் சற்று மேலே கட்டிய லாஸ் ஏஞ்சலிஸ் அணையை 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் உலுக்கியபோது சில விரிசல்கள், கொஞ்சம் அமிழ்வு, அவ்வளவுதான்.

இரண்டும் மண் அணைகளே. 1912இல் தொடங்கிய பழைய அணையின் பெரும்பகுதியில், மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஓடவிட்டுத் தானாகப் படிய விட்டிருந்தார்கள். புதியதை அடுக்கடுக்காகப் பரப்பி ரோலர் விட்டு இறுக்கினார்கள்.

சரிவைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு மண் துகள்களுக்கு இடையிலான உராய்வுக்கு. நீர் ஊறிய, தளர்ந்த மணலை உலுக்கினால் துகள்கள் நெருங்கி உட்காரப் பார்க்கும். இடையிலுள்ள தண்ணீருக்கு வெளியேற நேரமில்லை. துகள்கள் தாங்கிய எடை அதன் தலையில் விழும். துகள்கள் ஒன்றையொன்று அழுத்தாதபோது உராய்வு ஏது? சரிவு குழம்பாகிவிடும். இறுகிய மணலில் துகள்கள் நகர, ஒன்றன்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். இடைவெளி விரிவதால் நீரழுத்தம் தணியும்.

அப்படியானால் கனமான ரோலரை ஓட்டிக்கொண்டே இருந்தால் போதுமா? போதாது என்று 1933இல் எழுதியவர் ரால்ஃப் பிராக்டர். வேடிக்கை என்னவென்றால், அவரும் அதே லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் குடிநீர்த் துறைப் பொறியாளர். மண் காய்ந்திருந்தால் துகள்கள் முரண்டு பிடிக்கும். ஈரம் மிகுந்தால் ரோலரின் பளுவைத் தண்ணீரே வாங்கிக்கொள்ளும். நடுவில், கொழுக்கட்டை மாவைப் போல, ஒரு பதம் இருக்கிறது. அதே உழைப்புக்கு அதிக அடர்த்தி கிடைப்பது அங்கேதான். சிறிய உருளை அச்சில் மண்ணை மூன்று அடுக்காக இட்டு, அடுக்குக்கு 25 முறை இடித்து, ஈரத்தை மாற்றி மாற்றி எடை பார்க்கும் அவரது சோதனை இன்றும் ஆய்வகங்களில் நடக்கிறது.

களிமண்ணில் இந்தப் பதம் இன்னும் நுணுக்கமானது. ஈரம் குறைவாக இறுக்கியது வலுவாகத் தெரியும். கரை லேசாக அமிழ்ந்தாலும் வெடிக்கும். ஈரம் மிஞ்சினால் கட்டும்போதே உள்ளே நீரழுத்தம் ஏறிச் சரிவு பிதுங்கலாம். அதனால்தான் அடுக்கில் சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்து, குழியை மணலால் நிரப்பி அதன் கனஅளவு பார்த்து, அடர்த்தியும் ஈரமும் சரியா என்று சோதிக்கிறார்கள். தேறாத அடுக்கைக் கிளறி, நனைத்தோ உலர்த்தியோ, மறுபடி ரோலர் விட வேண்டும். ஒப்பந்தக்காரருக்குப் பிடிக்காத வேலை.