பெருஞ்சாலையும் உள்சாலையும்

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மோட்டார் சைக்கிளிலேயே போய்வர வேண்டும் என்ற ஆசை, வண்டி வாங்கிய முதல் வருஷத்திலேயே இளைஞர்கள் பலருக்கு உண்டாகிவிடுகிறது. உண்டான மாத்திரத்தில், தாம்பரம் தாண்டி, செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, மதுரை என்று நூல் பிடித்தாற்போல் தெற்கே ஓடும் நாற்கரச் சாலையில் ஏறிவிட்டால், ஏறக்குறைய 700 கிலோமீட்டரையும் ஒரே நாளில் கடந்துவிடலாம் என்று கணக்கும் போட்டுவிடுகிறார்கள். முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது காருக்குப் போட வேண்டிய கணக்கு.

பெருஞ்சாலையின் சௌகரியங்களைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. இருசக்கர வண்டிக்கு அங்கே சுங்கம் கிடையாது. பெட்ரோல் பங்க்கும் சாப்பாட்டுக் கடையும் அடிக்கடி வரும். வழி கேட்கும் சிரமமும் இல்லை. ஆயினும், ஒரே வேகத்தில், ஒரே இரைச்சலில், தலைக்கவசத்துக்குள் வியர்வை வழிய இரண்டு மணி நேரம் நேராகவே போய்க்கொண்டிருப்பவனுக்கு, கண் திறந்திருக்கும்போதே கவனம் உறங்கிவிடுகிறது என்பதும், அப்படி உறங்கிய கணத்தில்தான் நடுத்திட்டின் இடைவெளியில் உள்ளூர்க்காரர் ஒருவர் மொபெட்டை எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டு வருவார் என்பதும், அச்சாலையில் போய்ப் பழகியவர்கள் அறிந்த விஷயம். ஆனி, ஆடி மாதங்களில் போகிறவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. திருநெல்வேலி தாண்டிப் பணகுடி, காவல்கிணறு அருகே, ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே பாய்ந்து வரும் மேல்காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். லாரியின் மறைவிலிருந்து வெளிப்படும் நொடியில் அதன் முழுப் பலமும் தெரியும். ஹாண்டில்பாரை இறுகப் பிடிக்காமல், வேகத்தைத் தணித்து, காற்று வரும் பக்கமாகச் சற்றே சாய்ந்து போவதுதான் அதற்கு உபாயம்.

உள்சாலையின் சுபாவம் வேறு. திருச்சிக்குத் தெற்கே விராலிமலையில் பெருஞ்சாலையை விட்டு இறங்கி, இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டைக்குப் போகிறவன், போகிற போக்கிலேயே சித்தன்னவாசலில் வண்டியை நிறுத்தி, சமணக் குகைக்கோயிலின் விதானத்தில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அழியாமல் எஞ்சியிருக்கும் தாமரைத் தடாகத்தை அண்ணாந்து பார்க்கலாம். பிறகு திருமயம் கோட்டையில் ஏறி இறங்கி, சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை சேரலாம். பெருஞ்சாலையில் இரண்டு மணி நேரத்தில் முடிகிற தூரம் இவ்வழியில் அரை நாளை விழுங்கிவிடும். ஆனால் அந்த அரை நாளில் கவனம் உறங்குவதற்கு அவகாசமே இராது. பள்ளிக்கூட வாசலில் வர்ணம் பூசாத வேகத்தடை, புளியமர நிழலில் கண்ணுக்குத் தெரியாத குழி, குறுக்கே ஓடும் ஆட்டுக்குட்டி என்று சாலை நம்மை அடிக்கொரு தரம் விழிக்கச் செய்யும். அறுவடைக் காலத்தில் உளுந்தையும் எள்ளையும் சாலையிலேயே பரப்பி உலர்த்துவார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும் என்பதால், எட்டத்திலேயே வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல் மெல்லக் கடக்க வேண்டும். இருட்டிய பிறகு உள்சாலை வேண்டவே வேண்டாம். விளக்கில்லாத வண்டிகளும் சாலையிலே படுத்திருக்கும் மாடுகளும் அருகில் வந்த பின்னரே தென்படும்.

ஆகவே திட்டத்தைக் கிலோமீட்டரில் வகுக்காமல் மணியில் வகுப்பதே உசிதம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் தென்கோடிக்குச் சாலை போட்டதோடு நில்லாமல் சத்திரங்களும் கட்டுவித்தாள் என்பதை நினைத்தால், தங்கும் இடத்தைத் தீர்மானித்த பிறகே புறப்படும் வழக்கம் நமக்குப் புதிதல்ல என்று தெரியும். உள்சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, முதல் பிரயாணத்தில் நாளொன்றுக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஆசைப்படாதிருந்தால், பொழுது சாயுமுன் ஊர் போய்ச் சேரலாம்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டயரின் காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடேறுமுன் பார்க்க வேண்டும். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது எண்ணெய் இட வேண்டும். கம்பிச் சக்கரமானால் மாற்று ட்யூப் ஒன்று பையில் இருக்கட்டும். மூட்டையை உயரமாகக் கட்டுவது வளைவிலே அபாயம்.

என் அபிப்பிராயம், போகும்போது உள்சாலை, திரும்பும்போது பெருஞ்சாலை என்பதே. போகிறவனிடம் உற்சாகமும் ஜாக்கிரதையும் இருக்கும். திரும்புகிறவன் வீட்டு நினைவாகவே இருப்பான், அவனுக்கு நேர்வழியே நல்லது. சென்னையை விட்டு வெளியேறும் வரையிலும் பெருஞ்சாலைதான் சௌகரியம். புறப்படுமுன் தேசிய நெடுஞ்சாலை உதவிக்கான 1033, எந்தச் சாலைக்கும் வரும் ஆம்புலன்ஸுக்கான 108 ஆகிய இரண்டு எண்களையும், வீட்டார் ஒருவருடைய எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்; கைபேசியில் சார்ஜ் தீர்ந்த சமயத்திலும் அந்தச் சீட்டு உதவும்.