ஓரங்கட்டிய கணினிக்கு ஒரு பாகம் போதும்

பல பள்ளிகளின் கணினி அறையில் இரண்டு, மூன்று கணினிகள் துணி மூடி ஓரமாகக் கிடக்கும். இயங்கும் கணினிகளில் நான்கு மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால், ஒருவர் தட்டச்சு செய்வார். மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். ஓரங்கட்டியவற்றில் ஒன்றைச் சரிசெய்தாலும் அந்த மூவரில் ஒருவருக்குத் தனி இருக்கை கிடைக்கும். கணினி முழுவதும் ஒரே நாளில் பழுதாவதில்லை. எந்தப் பாகம் பழுது என்று கண்டறிவதே முதல் வேலை.

தொடங்கும் முன்

தலைமையாசிரியரின் அனுமதி பெறுங்கள். உத்தரவாதக் காலம் இன்னும் இருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம். மின்கம்பியைக் கழற்றியபின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்துங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை எப்போதும் திறக்கக் கூடாது. மின்கம்பியைக் கழற்றிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

அறிகுறியும் காரணமும்

தேதியும் நேரமும் அடிக்கடி தவறினால், மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்திருக்கலாம். பீப் ஒலி மட்டும் கேட்டுத் திரை கருப்பாக இருந்தால், ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை நீக்கிப் பொருத்திப் பாருங்கள். சிறிது நேரம் ஓடித் தானே அணைந்தால், விசிறியில் தூசி அடைத்திருக்கலாம். புராசஸர் மீதுள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கலாம்.

இயங்கினாலும் மிக மெதுவாக இருந்தால் இரண்டு பாகங்களைக் கவனியுங்கள். முதலாவது ரேம். 2 ஜிபி ரேம் உள்ள இரு கணினிகளில் ஒன்று முற்றிலும் பழுதானால், அதன் ரேமை மற்றதில் சேர்த்து 4 ஜிபி ஆக்கலாம். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4 வகைகளில் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும்; அழுத்திப் பொருத்த முயன்றால் இரண்டும் கெடும்.

இரண்டாவது ஹார்டு டிஸ்க். அதில் தட்டுகள் சுழல, ஒரு முனை நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடுகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. அதனால் தேடும் நேரம் வெகுவாகக் குறைகிறது. சாட்டா இணைப்பு உள்ள கணினியில் அதே கம்பியில் எஸ்எஸ்டியைப் பொருத்தலாம். மாற்றும் முன் பழைய கோப்புகளை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள்

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 வசதி பல பழைய கணினிகளில் இல்லை. இவற்றுக்கு லினக்ஸ் பொருந்தும். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், லினக்ஸ் மின்ட் போன்றவை கட்டணமில்லாதவை. மின்டுக்கு 2 ஜிபி ரேம் போதும். 4 ஜிபி இருந்தால் வேலை சீராக நடக்கும். பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்து, ஒலி, வலையமைப்பு, அச்சுப்பொறி ஆகியவை சரியாக இருந்தால் நிறுவுங்கள்.

எங்கே நிறுத்துவது?

மதர்போர்டில் மின்தேக்கிகள் உப்பியிருந்தால் அந்தக் கணினிக்குச் செலவு செய்ய வேண்டாம். நல்ல பாகங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பாகம் எந்தக் கணினிக்குச் சென்றது என்பதை இருப்புப் பதிவேட்டில் குறியுங்கள். மாணவர் விவரங்கள் உள்ள டிஸ்க்கை அழிக்காமல் வெளியே கொடுக்கக் கூடாது. மிஞ்சியதை முறைப்படி கழிவு செய்து, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

கழிவு செய்த ஒரு ஹார்டு டிஸ்க்கை அதற்கு முன் வகுப்பில் திறந்து காட்டுங்கள். பாடநூலில் படமாகப் பார்த்த தட்டையும் முனையையும் மாணவர்கள் நேரில் காண்பார்கள்.