கூட்டுக் கணக்கும் இரு துகள்களும்

நெய்யாற்றின்கரையில் ஒரு கடை, பாறசாலையில் ஒரு கடை, கூட்டு வியாபாரம் என்று வச்சுக்கிடுவோம். இரண்டு பேரேட்டையும் ஒப்பிட ஒரே நேரத்து இருப்பு வேண்டும். பேரேடு எழுதியே நரைத்தவன் நான், எனக்கு இது தெரியும். ஆனால் ஓடுகிறவனுக்கும் நிற்கிறவனுக்கும் 'ஒரே நேரம்' ஒன்றாக இராது என்று ஐன்ஸ்டைன் 1905-இல் காட்டிவிட்டார். கடைக்கு இதனால் காலணா நஷ்டமில்லை. ஒன்றையொன்று இழுத்துக் கட்டுண்டு கிடக்கும் இரு துகள்களின் கணக்குக்கோ அடிப்படையே ஆடிப்போகிறது.

நியூட்டன் முறையில், இந்த நொடியில் மற்றத் துகள் எங்கே என்று பார்த்து விசையை எழுதலாம். சார்பியலில் யாருடைய நொடி? பெத்தேயும் சால்பீட்டரும் 1951-இல் துகளுக்கொரு நேரம் கொடுத்துச் சமன்பாடு அமைத்தனர். எலக்ட்ரானும் பாசிட்ரானும் சேர்ந்த பாசிட்ரோனியத்துக்கு அது பயன்பட்டது. ஆனால் இரு நேரங்களின் வித்தியாசமும் கணக்கில் ஏறிக்கொள்வதால், பொருள் சொல்லமுடியாத விடைகளும் கூடவே வந்து நிற்கும்.

கோட்டயத்தில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த இ. சி. ஜி. சுதர்சன், கரீ, ஜோர்டன் என்பவர்களோடு 1963-இல் ஒரு தேற்றம் நிறுவினார். மின்புலம் மாதிரி நடுவில் ஒரு புலம் வேண்டாம், துகளின் இடமே ஹாமில்டன் கணக்கின் மாறியாக இருக்கட்டும், அதன் பாதை எல்லாப் பார்வையாளருக்கும் ஒன்றாகவே அமையட்டும் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் விசையே மிஞ்சாது. இரண்டும் நேர்கோட்டில் தம்பாட்டுக்குப் போய்விடும்! ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும்.

1970-களில் வளர்ந்த கட்டுப்பாட்டு முறை, துகளுக்கு ஒரு நிபந்தனை வீதம் விதித்து, அவை ஒன்றோடொன்று முரண்படாதபடி விசையைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டு துகளுக்கு இது அழகாகவே நடக்கிறது. மூன்றாவது பங்காளி வந்தால்தான் நிபந்தனைகளை ஒத்துப்போக வைப்பது பெரும்பாடு.