எறும்பும் தரையில்... குழந்தையும் தரையில்!



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, 'எறும்புத் தொல்லையா? எறும்பு சாக்பீஸால் சுவரோரம் ஒரு கோடு போட்டு விடுங்கள். அப்புறம் எட்டிக்கூடப் பார்க்காது' என்று குறிப்பு எழுதியிருந்தார். படித்ததும் எனக்குப் பகீரென்றது. அவர் எழுதியது பொய்யில்லை. கோடு போட்டால் எறும்பு சாகத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோட்டை நானும் ஒரு தரம் போட்டவள். அதனால் பட்ட பாட்டையும், பிறகு கற்றுக்கொண்டதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2012 தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் பேரனும் வந்திருந்தார்கள். பேரனுக்கு அப்போது 9 மாதம். வீடு முழுக்கத் தவழ்கிற வயது. ஐப்பசி மழை வேறு. அதிரசமும் முறுக்கும் டின் டின்னாக இருக்க, எறும்புக்குக் கேட்கவா வேண்டும்? கூடத்தில் ஒரு வரிசை, சமையலறையில் ஒரு வரிசை. ராத்திரி பேரன் வீலென்று கத்தினான். பார்த்தால் தொடையில் நாலைந்து இடத்தில் சிவந்து தடித்திருந்தது. செவ்வெறும்பு.

மறுநாள் பக்கத்து வீட்டில் சொன்னார்களே என்று சாக்பீஸ் வாங்கி வந்தேன். சுவரோரம் ஒரு கோடு, கட்டில் கால்களைச் சுற்றி வட்டம். மிச்சத்தை ஜன்னல் திட்டில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் எறும்பெல்லாம் சுருண்டு கிடந்தது. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை மறுநாள் காலை வரைதான். அடுப்பில் தோசை போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா! இவன் வாயில என்னம்மா வெள்ளையா இருக்கு?" என்று மகள் அலறினாள். ஓடிப் போனால், குழந்தை கட்டில் காலடியில் உட்கார்ந்து, உள்ளங்கையை நக்கிக் கொண்டிருக்கிறான். தரையில் நான் போட்ட வட்டத்தில் பாதியைக் காணோம்.

கூடியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைங்க" என்றார் ஒருவர். மாப்பிள்ளை அதெல்லாம் வேண்டாமென்று, வாயைத் துணியால் துடைத்து, கையைக் கழுவிவிட்டு, சாக்பீஸ் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "வாந்தி எடுக்க வைக்காம வந்தீங்களே, நல்லது. அட்டையைக் கொண்டு வந்தது அதைவிட நல்லது" என்றார் டாக்டர். சாயங்காலம் வரை வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அவன் வாய்க்குள் போனது கொஞ்சமே கொஞ்சம்தான்.

மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஊருக்குக் கிளம்பும் வரை குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. என் வீட்டுத் தரையில் என் பேரனை விடப் பயந்தாளே, அது அவள் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

என் மாமியாருக்கு அப்போது எண்பது வயது. அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, "ஏம்மா, எறும்பும் தரையில, குழந்தையும் தரையில. மருந்தைத் தரையில போட்டா அது யாருக்குன்னு மருந்துக்குத் தெரியுமா?" என்றார். சகோதரிகளே, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கோட்டில் என்ன இருக்கிறது?

பள்ளிக்கூட சாக்பீஸ் மாதிரியே இருப்பதால் நாம் அதை மருந்தாகவே நினைப்பதில்லை. அட்டையைப் படித்துப் பாருங்கள். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பெயர்கள் இருக்கும். பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்துகள் இவை. அமெரிக்காவில் இந்த மாதிரி சாக்பீஸை விற்பது சட்டவிரோதம். குழந்தைகள் சாதா சாக்பீஸ் என்று வாயில் வைத்துவிடுகிறார்கள் என்பதும் அங்கே சொல்லும் காரணம்.

அந்த நாளில் நம் வீடுகளில் சுவரோரம் கம்மாக்சீன் பொடி தூவுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்கூடத் தூவினோம். அதே பி.எச்.சி. மருந்தை 1997-ல் நம் அரசாங்கம் தடை செய்துவிட்டது. எல்லாரும் போடுகிறார்கள் என்பதாலேயே ஒன்று நல்லதாகி விடாது.

வரிசை எப்படி வருகிறது?

மாமியார் சொன்ன வழிகளை வெறும் பழக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். எறும்பைப் பற்றிக் கொஞ்சம் படித்த பிறகுதான் அதிலிருக்கும் நியாயம் புரிந்தது.

முதலில் ஒரே ஒரு எறும்பு உளவு பார்க்க வரும். இனிப்போ எண்ணெய்ப் பிசுக்கோ கிடைத்தால், புற்றுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரு வாசனையைத் தரையில் தடவிக்கொண்டே போகும். நம் மூக்குக்கு அது தெரியாது. மற்ற எறும்புகள் அந்த வாசனையைப் பிடித்து வரும். வந்தவையும் தங்கள் பங்குக்குத் தடவும். பாதை பலமாகிக்கொண்டே போகும். (வரிசையில் வந்து உழைக்கிற எறும்பு அத்தனையும் பெண்கள்தான். நம்ம ஜாதி! கோபித்துக்கொள்ளவா முடியும்?)

இதிலிருந்து என்ன தெரிகிறது? கண்ணில் பட்ட நூறு எறும்பைக் கொன்றாலும் பாதை அப்படியே இருக்கும். துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினாலும் வாசனை போகாது. அரை மணியில் அடுத்த கூட்டம் வரும். எறும்பை விட்டுவிட்டு, பாதையைத்தான் அழிக்க வேண்டும்.

நான் செய்து வருவது

1. எறும்பு வரிசையைக் கண்டால் உடனே அழிக்காதீர்கள். ஐந்து நிமிஷம் பொறுத்து, எங்கிருந்து வருகிறது, எதைத் தேடிப் போகிறது என்று இரண்டு முனையையும் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு தரம் ஸ்விட்ச் போர்டு ஓரத்து இடுக்கிலிருந்து வந்தது. இன்னொரு தரம், ஜன்னலைத் தொட்டுக்கொண்டிருந்த செம்பருத்திக் கிளை வழியாக வந்தது.

2. முதலில் தீனியை எடுங்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, பாதை நெடுகத் துடையுங்கள். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்தும் துடைக்கலாம். ஆனால் மொசைக், மார்பிள் தரைக்கு வினிகரும் எலுமிச்சையும் ஆகாது. பளபளப்பு போய்விடும். அங்கே சோப்புத் தண்ணீரே போதும். ஸ்விட்ச் போர்டுப் பக்கம் ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

3. வருகிற துவாரத்தை அடையுங்கள். கொஞ்சம் வெள்ளை சிமெண்ட் போதும். ராத்திரி வேளையில் சிமெண்டுக்கு எங்கே போவது என்கிறீர்களா? உருகிய மெழுகோ, நனைத்த சோப்புத் துண்டோ தற்காலிகமாக அடைக்கும். இடம் மாற்றி வரும், அதையும் அடையுங்கள். இரண்டு மூன்று நாள் பிடிவாதமாகச் செய்ய வேண்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அந்தப் பிடிவாதம் நமக்கும் வேண்டும்.

4. பலகார டின், சர்க்கரை, வெல்லம் வைக்கும் மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பாட்டி காலத்து வழிதான். மரக் கால் ஊறாமலிருக்கக் கிண்ணத்துக்குள் ஒரு கல்லை வைத்து, அதன் மேல் காலை நிறுத்தலாம். ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் எறும்பு தண்ணீர் மேல் நடக்க முடியாமல் மூழ்கும். மேஜை சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் பாலம் போட்டுக் கொடுத்த மாதிரி.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரிக் கிண்ணத்துத் தண்ணீர் என்றால் உயிர். வாரத்துக்கு இரண்டு முறை கொட்டி, உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். கொசு முட்டை கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். கொட்டினால் மட்டும் போகாது. எறும்பை விரட்டி டெங்குவை வரவழைத்த கதை ஆகிவிடக் கூடாது.

5. சர்க்கரை டப்பாவில் கிராம்பு போடச் சொல்வார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். மூடி சரியில்லாத டப்பாவில் கிராம்பு இருந்தும் எறும்பு ஏறியது. மூடி இறுக்கமாக இருந்தால் கிராம்பே தேவைப்படவில்லை. எறும்பு புகுந்த சர்க்கரையைத் தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள். சூடு தாங்காமல் ஓடிவிடும்.

6. மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் கோடு ஓரளவுக்குத் தடுக்கும். ஈரம் பட்டால் போச்சு. மிளகாய்த் தூள் குழந்தையின் கண்ணில் பட்டால் நம் பாடு திண்டாட்டம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் மஞ்சளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

7. செம்பருத்தி, கொய்யா, எலுமிச்சையில் எறும்பு ஏறினால் இலைக்கு அடியில் பாருங்கள். வெள்ளையாக மாவுப்பூச்சியோ, பச்சையாக அசுவினியோ இருக்கும். அவை சுரக்கும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு போகிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து அவற்றைக் கழுவிவிட்டு, சுவரைத் தொடும் கிளையையும் வெட்டிவிட்டால் பாதி எறும்பு குறைந்துவிடும்.

தொட்டிலுக்கு

பச்சைக் குழந்தையை எறும்பு தேடி வருவது குழந்தைக்காக இல்லை. கக்கிய பாலும், பால் சொட்டிய துணியும்தான் காரணம். ராத்திரி படுக்கும் முன் துணியை மாற்றி, வாய் ஓரம், கழுத்து மடிப்பு எல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பால் பட்ட துணியை மூலையில் போட்டு வைக்காதீர்கள். தூளி கட்டும் கயிற்றில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், விளக்கெண்ணெய் தோய்த்த துணியை ஒரு சுற்று சுற்றிக் கட்டுவார் என் மாமியார். அந்தப் பிசுக்கைத் தாண்டி எறும்பு இறங்காது. காய்ந்தால் மறுபடி எண்ணெய் தடவ வேண்டும்.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீர்த் துணியை வைத்தால் எரிச்சல் அடங்கும். முகம் வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

'இயற்கை' என்றாலே சாது இல்லை

கற்பூரம் வைத்தால் எறும்பு வராது என்று பலரும் எழுதுகிறார்கள். கற்பூரத்தைக் கல்கண்டு என்று எண்ணிக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும். ஒரு சின்னக் கட்டியே போதும். அந்துருண்டையும் விஷம்தான். வேப்பெண்ணெயைக் கைக்குழந்தை வாயில் புகட்டவே கூடாது. போரிக் பவுடரைச் சர்க்கரையில் கலந்து வைப்பதும் விஷம் வைப்பதுதான். அதிலும் இனிக்கிற விஷம். மண்ணெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக் கட்டிலுக்கடியில் வைப்பவர்களும் உண்டு. தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை குடித்துவிட்டால் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

எது உள்ளே போனாலும், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. என் மாமியார் உயிரோடு இருந்தவரை வாசலில் பச்சரிசி மாவில்தான் கோலம் போட்டார். "நம்ம வாசல்லயே அதுக்குச் சாப்பாடு போட்டுட்டா, உள்ள எதுக்கு வருது?" என்பார். வாசலில் போட்டதால் உள்ளே வரவில்லையா என்று எனக்குத் தெரியாது. கல் மாவுக் கோலம் இன்னும் வெள்ளையாக, அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் அரிசி மாவிலேயே போடுகிறேன்.

பேரன் இப்போது பெரியவனாகிவிட்டான். போன லீவுக்கு வந்தபோது எறும்பு வரிசையைப் பார்த்துவிட்டு, "பாட்டி, துணி குடு, பாதையை நான் அழிக்கிறேன்" என்று அவனே உட்கார்ந்து துடைத்தான். அவன் தங்கச்சி பக்கத்தில் தரையில் உருண்டு விளையாடிக் கொண்டிருந்தாள். என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே ஊஞ்சலில் சாய்ந்து தூங்கிப் போனாள்.

அந்தத் தூக்கம் போதும் எனக்கு. சாக்பீஸ் வைத்திருக்கும் சகோதரிகள் இன்றைக்கே ஒரு தரம் ஜன்னல் திட்டைப் பாருங்களேன்.

- ஒரு வாசகி, மயிலாடுதுறை.