குழாய்த் தண்ணீரின் பிறந்தகம்

சென்னையில் குடித்தனம் நடத்தும் சகோதரிகளைக் கேட்கிறேன். காலையில் எழுந்ததும் குழாயைத் திறந்து பால் பாத்திரத்தைக் கழுவுகிறீர்களே, அந்தத் தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீர் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? "குழாய்த் தண்ணீர்தான், வேறென்ன?" என்பீர்கள். சென்ற தை மாதம் வரையில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். ரயிலில் போயிருக்கலாம். ஆனால் அம்மாவுக்கு வழியெல்லாம் பார்த்துக்கொண்டு போக வேண்டுமென்று ஆசை. வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு, புளியோதரைத் தூக்கு சகிதம் விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பிவிட்டோம். விழுப்புரம், பண்ருட்டி, வடலூர் எல்லாம் வேகமாகக் கடந்து போயின. பண்ருட்டியில் நிறுத்தலாமென்றால், தை மாதத்தில் பலாப்பழத்துக்கு எங்கே போவது?

சேத்தியாத்தோப்பில் பெரிய சாலையை விட்டு விலகி, வீராணம் ஏரிக்கரைச் சாலையில் திரும்பச் சொன்னேன். டிரைவர் முகத்தைச் சுளித்தார். பத்து நிமிஷத்தில் அவரே வண்டியை மெதுவாக ஓட்ட ஆரம்பித்துவிட்டார். வலது பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். இடது பக்கம் கரைக்குக் கீழே, பள்ளத்தில், வயல்கள். அறுவடை முடிந்த தாளடியும், முடியாத பொன்னிறக் கதிரும் மாறி மாறி வந்தன. முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்றொரு விருதுப் பெயர் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் அவன் காலத்தில் உண்டான ஏரி இது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-இல் தொடங்கியபோது, ஆடிப் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரைமேல் வந்தானே, அந்தக் கரைதான். இன்றும் சுமார் 45,000 ஏக்கர் நிலம் இந்த ஏரியை நம்பியிருக்கிறது.

கரையோரம் மரநிழலில் தூக்கைத் திறந்தோம். "சென்னைக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் வருகிறது, அம்மா" என்றேன். 2004-ஆம் வருஷத்திலிருந்து இந்த ஏரித் தண்ணீர் பெரிய பெரிய குழாய்களில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து சென்னைக்கு வருகிறது. 2019 கோடையில் பூண்டியும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் காய்ந்து கிடந்தபோது கைகொடுத்ததும் இதுதான்.

அம்மா கையிலிருந்த புளியோதரையை அப்படியே வைத்துவிட்டாள். 2003-இல் லாரித் தண்ணீருக்காக, ராத்திரி இரண்டு மணிக்குத் தெருமுனையில் வரிசையாகக் குடம் வைத்துக் காத்திருந்தவள் அவள். "ஏண்டி, இதை முன்னாலேயே சொல்லக் கூடாதோ?" என்று கரையிறங்கிப் போய், ஒரு கை தண்ணீர் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

காட்டுமன்னார்கோயிலில் வீரநாராயணப் பெருமாளைச் சேவித்துக்கொண்டோம். ஆழ்வார்களின் பாசுரங்களைத் தேடித் தொகுத்துக் கொடுத்த நாதமுனிகள் பிறந்த ஊர். பாசுரங்களைத் தேடி அவர் முதலில் குடந்தைக்குப் போனார் என்பார்கள். எங்கள் வழியும் அதே குடந்தைதான். அவருக்குக் கார் இல்லை, அவ்வளவே.

கங்கைகொண்டசோழபுரம் சேரும்போது மணி பதினொன்று. (நடுப்பகலில் சந்நிதி சாத்திவிடுவார்கள், கல்தரையிலும் கால் வைக்க முடியாது. சற்று முன்னதாகவே போய்விடுங்கள்.) தஞ்சைக் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. மகன் ராஜேந்திரன் கட்டிய இந்த விமானமோ, சுமார் 55 மீட்டர் உயரத்துக்கு, இடையில் லேசாக உள்வாங்கி வளைந்து போகிறது. வடக்குப் படிகளின் அருகே, சண்டேசர் தலையில் சிவபெருமான் தாமே பூமாலையைச் சுற்றிவிடும் சிற்பம் இருக்கிறது. அந்தப் பிள்ளை கைகூப்பிப் பணிந்திருக்கும் அழகைப் பார்த்தால், குழந்தைக்குத் தலைவாரிப் பூச்சூட்டிய எந்தத் தாய்க்கும் மனசு இளகும்.

இவ்வளவு பெரிய கோயிலுக்குச் சுற்றுமதில் எங்கே?

1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அதற்குக் கருங்கல் தேவைப்பட்டது. பாறையை உடைத்துக் கொண்டுவருவதைவிட ராஜேந்திரன் அடுக்கி வைத்ததைப் பெயர்த்துக் கொண்டு போவது சுலபம் என்று தோன்றியிருக்கிறது. 1855-ஆம் வருஷத்துப் பதிவு ஒன்று இதைச் சொல்கிறது. ஊர் ஏழைகள் தங்களால் ஆனமட்டும் தடுத்துப் பார்த்தார்களாம், கிடைத்தது தண்டனைதான். கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்களாம். அந்த வாக்கு நிறைவேறவில்லை என்றும் அதே பதிவு சொல்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் முழுக் கோபமும் வரவில்லை, அதுதான் சங்கடம். அந்தக் கீழணையில் தேங்கும் காவிரித் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகிறது. வீராணத்திலிருந்து எங்கள் சமையலறைக்கு வருகிறது. கங்கை வரை வென்ற ராஜேந்திரன், வெற்றிக்கு அடையாளமாக இதே ஊரில் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். நீராலான வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதை வர்ணிக்கிறது. தண்ணீரின் அருமை தெரிந்தவன், கல்லைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பானோ என்னவோ! கேட்காமல் எடுத்ததும், எடுத்தபின் ஏமாற்றியதும்தான் உறுத்துகிறது.

பகல் இரண்டு மணிக்கு அணைக்கரை. கொள்ளிடம் இங்கே இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு தீவை விட்டுவிட்டு ஓடுகிறது. மதகுகளின் மேலே பாலம். டிரைவர் ஓரமாக நிறுத்தினார். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே பாசி படிந்த கற்களை வெகுநேரம் பார்த்தாள்.

"இதிலே எது கோயில் கல்லுடி?"

"எப்படியம்மா சொல்வது?"

அவள் பதில் பேசவில்லை. பாலத்தைக் கடக்குமுன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெயிலில் வெறுங்காலோடு மறுகோடி வரை நடந்தாள். நாங்கள் காரில் பின்னாலேயே ஊர்ந்தோம்.

கல்யாண வீட்டை அடைந்தபோது மணி நாலு. டிகிரி காபியைக் கையில் கொடுத்து, "பிரயாணம் சௌகரியமா இருந்ததா, மாமி?" என்று பெண்ணின் தாயார் விசாரித்தாள். "அந்தச் செங்கல் மதிலையாவது கட்டிக் கொடுத்திருக்கலாம்" என்றாள் அம்மா. பாவம், அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.